எபனைற்றுக் கோலும் தேயிலை நாரும்

பௌதிகவியலின் மின்னியற் பகுதியைத் தொடங்கும் ஆசிரியர் எவரும் முதன்முதலில் எபனைற்றுக் கோலையும் பூனைத் தோலையுமே கையிலெடுப்பர். கையில் இல்லாதவர் கரும்பலகையில் வரைவர். கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியால் உரைஞ்சினால் நேரேற்றம். எபனைற்றுக் கோலைப் பூனைத் தோலால் உரைஞ்சினால் மறையேற்றம். ஊவா மலைகளிற் படிக்கும் எம் பிள்ளைகள் இவ்வாக்கியங்களை ஒப்புவிப்பதில் எவர்க்கும் சளைத்தவரல்லர். ஆனால், எபனைற்று என்பது மரமா, உலோகமா, கல்லா என்று வினவினால் வகுப்பு மௌனமாகிவிடும். கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பர்தான் அது என்பதைச் சொல்லிக் கொடுத்தாரும் இல்லை. காட்டிக் கொடுத்தாரும் இல்லை. பூனையை அறிவார்கள், பூனைத் தோலை அறியார்கள்.

இதில் வியப்பென்னவெனில், அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், எபனைற்றுக் கோல் செய்கின்ற அதே காரியத்தை ஓர் இயந்திரம் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறது என்பதே. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையைத்தான் குறிப்பிடுகின்றேன். வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்திய தேயிலையில் காம்பும் நாரும் கலந்திருக்கும். அவற்றை நீக்காவிடில் சந்தையில் விலையில்லை. முன்னாளில் இதனைப் பெண்கள் சுளகில் புடைத்தும் கையாற் பொறுக்கியும் செய்தனர். பின்னர் பீ.வீ.சி. உருளைகள் வந்தன. சுழலும் உருளையின் மேற்பரப்பைக் கம்பளித் துண்டொன்று உரைஞ்சிக்கொண்டேயிருக்கும். உருளை மின்னேற்றம் பெறும். அதன் கீழே தேயிலை மெல்லிய படலமாக ஓடும்போது, நாரும் காம்பும் மேலெழுந்து உருளையில் ஒட்டிக்கொள்ளும். தேயிலை தன் வழியே போகும்.

ஏற்றமில்லாத நாரை ஏற்றமுள்ள உருளை எவ்வாறு இழுக்கிறது? உருளைக்கு அண்மையிலுள்ள நாரின் பக்கத்தில் எதிர் ஏற்றமும், அப்பாற் பக்கத்தில் ஒத்த ஏற்றமும் தூண்டப்படுகின்றன. அண்மையிலிருப்பதன் கவர்ச்சி, சேய்மையிலிருப்பதன் தள்ளுகையை வென்றுவிடுகிறது. நார் ஈரப்பதனிலும் பருமனிலும் இலைத்துணுக்கினின்று வேறுபட்டதாகையால் அதுவே எளிதில் எழுகிறது. தூண்டல் மின்னேற்றம் என்ற தலைப்பில் பாடநூல் சொல்லும் பொருள் இதுவேயன்றி வேறில்லை.

ஒருமுறை என் மாணவர் சிலரை ஒரு ஸ்டோருக்கு அழைத்துச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. உருளையின் முன் நின்று நான் விளக்கத் தொடங்குமுன், தாயார் அங்கே சலிப்பறையில் வேலை செய்யும் ஒரு சிறுமி சொன்னாள்: "மழை நாள்ல இது சரியா நாரு புடிக்காதுன்னு அம்மா சொல்வாங்க சேர்."

அன்று நான் சொல்ல வைத்திருந்த பாடத்தைவிட அவள் சொன்னது பெரிது. ஈரக் காற்றில் மின்னேற்றம் பரப்பின் வழியே கசிந்துவிடும். ஆகவே நிலைமின்னியற் பரிசோதனைகள் உலர்ந்த நாளிலேயே சிறக்கும். இதை ஒரு தொழிலாளித் தாய் கண்ணாற் கண்டு, மகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். கொழும்பின் ஈரக் காற்றில் ஆசிரியர் எத்தனை முறை உரைஞ்சினாலும் கடதாசித் துண்டு அசையாதிருப்பதுண்டு. ஊவாவிலோ, ஆடி ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைத்தொடரின் மறுபக்கத்திற் பொழிந்துவிட்டு உலர்ந்த காற்றாய் இறங்கி வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த நறுமணம் அந்த உலர்காற்றின் பருவத்திலேதான் பிறக்கிறது. இலங்கையில் நிலைமின்னியல் கற்பிக்க அதனினும் உகந்த பருவம் வேறில்லை. ஆயினும் எம் வகுப்பறைகளில் அந்த மாதங்களிலும் நாம் பூனைத் தோலை வரைந்துகொண்டிருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். தோட்டத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானம் ஏறாது என்று சொல்வோரை நான் அரை நூற்றாண்டாகக் கேட்டு வருகிறேன். ஏறாதது பிள்ளைக்கு அன்று. பிள்ளை வாழும் இடத்தில் விஞ்ஞானம் இருக்கிறதென்பது கற்பிக்கும் எமக்கே ஏறவில்லை.

அதே ஸ்டோரில் இன்னுமொரு பாடமும் உண்டு. தேயிலை பெட்டிக்கும் பைக்கும் போகுமுன் காந்தங்களின் அருகே செலுத்தப்படுகிறது. இயந்திரங்களிலிருந்து தேய்ந்து விழுந்த இரும்புத் துகள்கள் அங்கே பிடிபடும். அக்காந்தத்தை உற்று நோக்கினால், துகள்கள் மயிர்போற் சிலிர்த்து, முனைகளில் அடர்ந்தும் இடையில் ஐதாயும் நிற்பதைக் காணலாம். மைக்கேல் பரடே காந்த விசைக் கோடுகள் என்ற கருத்தை வகுத்தது இத்தகைய இரும்புத் தூளின் கோலத்தைப் பார்த்தே. அவர் ஒரு கொல்லனின் மகன். புத்தகம் கட்டும் கடையிற் பயிலுநராய் இருந்தவர். உயர்கணிதம் அவருக்குத் தெரியாது. கண்ணாற் கண்டதை விடாது பின்தொடர்ந்து, 1831ஆம் ஆண்டில் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார்.

காந்தத்தைப் பற்றிப் பேசுகையில், பாடநூல்களை அப்படியே மனனஞ் செய்வதன் தீங்கையும் ஒருங்கே சொல்லிவிடலாம். பழைய ஆங்கில நூல்களில் ஒரு படமுண்டு: கிடையான அச்சில் தடையின்றிச் சுழலவிட்ட காந்த ஊசி, தரையை நோக்கிச் செங்குத்தாகச் சரிந்து நிற்கும். இலண்டனில் அச்சாய்வு ஏறத்தாழ 66 பாகை. அந்நகரத்து மாணவனுக்கு அந்தப் படம் உண்மை. எமக்கோ, புவியின் காந்த மத்தியகோடு தென்னிந்தியாவின் தென்முனையையும் எங்கள் தீவையும் ஒட்டியே செல்கிறது. இதன் பொருட்டே 1963இல் இந்தியா தன் முதல் ஏவுகணைத் தளத்தைக் கேரளத்துத் தும்பாவில் அமைத்தது. பதுளையில் அவ்வூசியைத் தொங்கவிட்டால் அது ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். 'ஊசி சரியவில்லையே, கருவி பழுதோ?' என்று ஆசிரியரே ஐயுறுவார். பழுது கருவியில் இல்லை. எங்கோ எழுதிய உண்மையை இங்கே சோதித்துப் பாராது ஏற்றுக்கொண்ட எம்மிடத்திலேயே உள்ளது. 'ஏன் இங்கே சரியவில்லை?' என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், புவி ஒரு பெருங் காந்தமென 1600இல் வில்லியம் கில்பேட்டு எழுதியதன் பொருளை அப்பிள்ளை அரை மணி நேரத்தில் உணர்ந்துவிடும்.

இனி, ஓடும் மின்சாரத்துக்கு வருவோம். பரடே கண்ட தத்துவம் எம் மலைநாட்டுக்கு மிக விரைவாகவே வந்தது. காந்தப்புலத்தில் ஒரு சுருளைச் சுழற்றினால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். சுழற்றுவதற்கு வேண்டியது ஒரு விசை. மலையில் விழும் நீரே அவ்விசை. துன்கிந்தை நீர்வீழ்ச்சியின் உயரம் சுமார் 64 மீற்றர். செக்கனுக்கு ஒரு கன மீற்றர் நீர் அங்கே விழுகிறதெனக் கொண்டால், ஆயிரங் கிலோகிராமை 9.8ஆலும் 64ஆலும் பெருக்க, இழப்புகளைக் கழிக்குமுன் ஏறத்தாழ 627 கிலோவாற்று வலு கிடைக்கும். சாதாரண தர மாணவன் ஒருவன் மூன்று வரியிற் செய்யக்கூடிய கணக்கு இது. பதுளையிற் பிறந்து துன்கிந்தையைப் பார்க்காத பிள்ளை இல்லை. இக்கணக்கைச் செய்து பார்த்த பிள்ளையை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டி. ஜே. விமலசுரேந்திரர் 1912இல் நுவரெலியாவில் சிறு நீர்மின் நிலையமொன்றை அமைத்தார். 1918இல் இலங்கையின் நீர்வலுவைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார். இலக்சபானா 1950இலேயே இயங்கத் தொடங்கியது. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்னரே தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் ஓடைநீரைக் குழாயில் இறக்கி, சுழலியைச் சுற்றி, ஸ்டோர் இயந்திரங்களை இயக்கி வந்தனர். ஸ்டோரில் விளக்கெரிந்தது; துரை பங்களாவில் விளக்கெரிந்தது. அந்த ஓடைக்கு வாய்க்கால் வெட்டியவர்களின் லயக் காம்பராவிலோ குப்பி லாம்பே எரிந்தது. கம்பி கூரைக்கு மேலாற் சென்றது. வெளிச்சம் கூரைக்குள் இறங்கவில்லை. லயங்களுக்கு மின்சாரம் வந்தது பல தசாப்தங்கள் கழித்தே. இதிற் பௌதிகவியலின் குற்றம் ஏதுமில்லை. மின்னோட்டம் இணைத்துவிட்ட வழியில் ஓடும். யாருக்கு இணைப்பது என்பதைத் தீர்மானிப்பவர் மனிதரே.

அண்மைக் காலத்திலும் ஊவாவின் நீர் ஒரு பெரும் பாடமாயிற்று. வெலிமடைப் பக்கத்து நீரைச் சுரங்கத்தின் வழியே பண்டாரவளை மலைகளுக்கு அடியாகக் கொண்டுசென்று வெல்லவாயப் பக்கத்தில் இறக்கும் உமா ஓயாத் திட்டம், 120 மெகாவாற்று வலுவுடன் 2024 ஏப்பிரலில் திறந்து வைக்கப்பட்டது. சுரங்கம் தோண்டிய காலத்தில் பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. இவ்வளவும் தம் காலடியில் நிகழ, எம் மாணவர் 'நீர்மின் நிலையம்' என்ற பாடத்துக்கு வேற்று நாட்டு அணையொன்றின் வரிப்படத்துக்குப் பெயர் குறித்துக்கொண்டிருப்பது பொருந்துமா?

அலைகளைப் பற்றி இலக்கிய அன்பர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்புத் தமிழகம் தந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும், பழந்தமிழ் யாழ்களின் நரம்பு நீளங்களையும் சுருதிகளையும் கணித முறையில் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார் என்பதையும் யாவரும் அறிவர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், மிருதங்கத்தின் நடுவிலிடும் கரும்பசை அதன் மேற்சுரங்களை எவ்வாறு இசைவுபடுத்துகிறதென ஆராய்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். வெறுந்தோலின் அடிச்சுரத்துக்கு அடுத்த அதிர்வு 1.59 மடங்கு, அது முழுவெண்ணன்று, ஆதலின் காதுக்குச் சுரமாக நிற்பதில்லை. கரும்பசை அக்குறையைத் தீர்க்கிறது. விபுலானந்தருக்கு யாழும் இராமனுக்கு மிருதங்கமும் ஆய்வுப் பொருளாயின. எங்கள் தோட்டத்துக்கு ஒரு வாத்தியம் உண்டு: தப்பு. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளழைத்ததும், காமன்கூத்துக்கு ஊரைத் திரட்டியதும், பிணத்தை வழியனுப்பியதும் அதுவே. அடிக்குமுன் தப்பை நெருப்பிற் காய்ச்சுவர். ஏன்? தோல் ஈரம் உலர்ந்து இறுகுகிறது; இழுவை கூடுகிறது; இழுவை நான்கு மடங்கானால் மீடிறன் இரு மடங்காகும். அலை என்ற அத்தியாயத்தின் தலையாய விதிகளில் ஒன்று அந்த நெருப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. தப்பைத் தாழ்ந்ததெனக் கருதிப் பாடசாலை வாசலுக்குள் விடாத எம் மனப்பான்மையே அவ்விதியையும் வெளியில் நிறுத்தியது.

எதிர் மலையில் ஒருவர் விறகு பிளப்பதைப் பாருங்கள். கோடரி விழுந்த பின்னரே ஓசை வருகிறது. ஒரு செக்கன் பிந்தினால் இடைத்தூரம் ஏறத்தாழ 340 மீற்றர். பள்ளத்தாக்கின் அகலத்தை அளக்க, ஒரு கைக்கடிகாரம் போதும், ஆய்வுகூடம் வேண்டாம்.

ஆனால் அலைகளின் பாடத்தை ஊவாப் பிள்ளைகள் மிகக் கசப்பாகக் கற்ற ஆண்டு 2021. பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசி வழியே வந்தன. வீட்டிலிருந்தவர்க்கு அலை கிட்டவில்லை. பதுளை மாவட்டத்து லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் மலையேறி, மரத்தின் மீது கட்டிய குடிலில் அமர்ந்து பாடங் கேட்டனர் என்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதைப் படித்தவர் பிள்ளைகளின் ஆர்வத்தை வியந்தனர். எனக்கோ அது அலைகளின் கோணல் பற்றிய ஒரு செய்முறைப் பாடமாகவே தோன்றிற்று. மத்திய அலை வானொலியின் அலைநீளம் சில நூறு மீற்றர். அவ்வலை மலை முகட்டைச் சுற்றி ஓரளவு வளைந்து பள்ளத்துக்குள்ளும் இறங்கும். பண்பலை வானொலியின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீற்றர்; அது குறைவாகவே வளையும். கைப்பேசி அலையோ ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண். அதற்கு மலை ஒரு மதில். எங்கள் பாட்டன்மார் பள்ளத்து லயத்திலிருந்தே இலங்கை வானொலியைக் கேட்டனர். பேரப்பிள்ளைகள் பாடங் கேட்க மரமேறினர். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, தாம் ஏன் மரமேறினோம் என்பதை எந்த ஆசிரியராவது பின்னர் விளக்கியிருப்பார்?

என் கருத்துக்கு இரு மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். முதலாவது, பரீட்சை நாடு முழுமைக்கும் ஒன்று. அதிற் தப்பும் வராது, நார் பிடிக்கும் உருளையும் வராது என்பது. உண்மை. ஆயின் பரீட்சையில் வருவது விதி; விதி விளங்கியவனுக்கு எபனைற்றும் ஒன்றே, பீ.வீ.சி.யும் ஒன்றே. மனனஞ் செய்தவனோ வினாவின் சொல் சற்று மாறினால் தடுமாறுவான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஒரு தகப்பனார் என்னிடமே கேட்டார்: "ஸ்டோரிலிருந்து தப்பிக்கத்தானே சேர் புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்புறேன். நீங்க திரும்பவும் அங்கயே கூட்டிட்டுப் போறீங்களே?" அவர் கேட்டதில் நூறாண்டுத் துயரம் இருக்கிறது. தோட்டப் பாடசாலை தொடங்கிய காலத்தில், எழுத்தறிவுக்கு அப்பாற் செல்லாதபடியே அது அமைந்திருந்தது. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வரத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேதான். ஆகவே அவர் அஞ்சுவது நியாயம். அவருக்கு நான் சொன்ன விடை இது: பிள்ளையை ஸ்டோருக்கு அழைத்துச் செல்வது உருளையைச் சுழற்றுவதற்கன்று, உருளையை விளங்கிக்கொள்வதற்கு. சுழற்றக் கற்றவனை ஸ்டோர் பிடித்து வைத்துக்கொள்ளும். விளங்கிக்கொண்டவன் எங்கும் போகலாம். விரும்பினால் அதைவிட நல்ல உருளையைச் செய்பவனாகத் திரும்பியும் வரலாம். அவர் உடன்பட்டாரா என்பதை அறியேன். ஆனால் அடுத்த முறை மகனை அனுப்பினார்.

மழை நாளைப் பற்றிச் சொன்ன அந்தச் சிறுமியை இங்கே மறுபடியும் நினைக்கிறேன். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் சிறப்பாகச் சித்தியடைந்தாள். இன்று கலைப் பிரிவிற் படிக்கிறாள். அவள் போய்வரக்கூடிய தூரத்திலுள்ள பாடசாலையில் தமிழ்மொழி மூலம் பௌதிகவியல் கற்பிக்க ஆசிரியர் இல்லை. ஊவாவில் உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழில் நடத்தும் பாடசாலைகள் சிலவே. அவையும் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளன. கலைப் பிரிவு இழிந்ததென நான் சொல்லவில்லை. இப்பக்கங்களைப் படிக்கும் எவரும் அவ்வாறு சொல்லார். விரும்பித் தேர்ந்தால் அது கல்வி. வேறு கதவில்லாது நுழைந்தால் அது கல்வியாகாது.

ஆகவே, மூன்று காரியங்களை வேண்டுகிறேன். ஒன்று: 1992 முதல் தோட்டங்களை நிருவகித்துவரும் கம்பனிகள், ஆண்டுக்குச் சில நாட்களேனும் ஸ்டோர்க் கதவை அண்மைப் பாடசாலை மாணவர்க்குத் திறக்கட்டும், உல்லாசப் பயணிகளுக்குத் திறக்கும் கதவு, அங்கே உழைப்பவரின் பிள்ளைகளுக்குத் திறக்கலாகாதா? இரண்டு: 2005 முதல் பதுளையில் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது, அதன் மாணவரும் ஆசிரியரும் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்து, இம்மண்ணின் எடுத்துக்காட்டுகளால் ஆன ஒரு சிறு பௌதிகவியற் கைந்நூலைத் தமிழில் ஆக்க உதவட்டும். மூன்று: மாகாணக் கல்வித் துறை, தோட்டப் பகுதிகளின் நடுவே அமைந்த பாடசாலைகளில், தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியரை முதலில் நியமித்துவிட்டு, கட்டடத்தைப் பின்னர் திறந்து வைக்கட்டும். ஆசிரியர் இல்லாத ஆய்வுகூடத்தில் தூசி படிவதை நாம் போதிய அளவு பார்த்துவிட்டோம்.

எம்மைப் போன்ற ஆசிரியர்க்கும் ஒரு கடன் உண்டு. அனுமதி வரும்வரை காத்திராமல், தப்பையும் காந்தத் துண்டையும் ஓடையையும் நாளைக்கே வகுப்பறைக்குள் கொண்டுவரலாம். அதற்கு எவருடைய கையொப்பமும் வேண்டியதில்லை.

பரடேயின் வாழ்வில் ஒரு சிறு நிகழ்ச்சி. 1812இல், புத்தகக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், சர் ஹம்பிறி டேவி ஆற்றிய விரிவுரைகளைக் கேட்க அவ்விளைஞருக்கு அனுமதிச் சீட்டுகளைக் கொடுத்தார். பரடே கேட்டதையெல்லாம் குறித்து, அழகாகக் கட்டி, டேவிக்கே அனுப்பினார். மறு ஆண்டே இராசரீக நிறுவனத்தில் உதவியாளரானார். இன்று உலகெங்கும் சுழலும் மின்பிறப்பாக்கிகளுக்கு மூலமான கண்டுபிடிப்பு அச்சீட்டின் வழியே வந்தது. அந்த வாடிக்கையாளர் செய்தது பெருந்தானமன்று. தம்மிடமிருந்த ஒரு சீட்டை வேண்டியவனிடம் கொடுத்தார், அவ்வளவே.

மழை நாளில் உருளை நாரைப் பிடிக்காது என்பதை அறிந்த பிள்ளைகள் எம் மலைகளில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கின்றனர். அவர்களுக்குரிய சீட்டு எம்மிடமே இருக்கிறது.